ஆறில்லாத ஊரின் படித்துறை

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. கடுதாசி வந்ததுமே நினைச்சேன், கடைசியில என்கிட்டத்தான் வருவாங்கன்னு. பல்கலைக்கழக விசாரணைக் கமிட்டி, மூணு பேரு, அதுல நீங்க ஒருத்தர். தாவரவியல் பேராசிரியர்னு போட்டிருந்துச்சு. ஒரு வகையில அதுவும் நல்லதுதான். எங்க அரசியல் பொருளாதார ஆளுங்கன்னா ஒண்ணு அந்தம்மாவுக்கு வேண்டியவங்களா இருப்பாங்க, இல்ல வேண்டாதவங்களா இருப்பாங்க. உங்களுக்கு ரெண்டும் கிடையாது.

கேள்வி ஒண்ணுதான், எனக்குத் தெரியும். 1994 மே மாசம் செவல்குறிச்சி நகராட்சித் தீர்மானப் புத்தகத்துல அப்படி ஒரு தீர்மானம் இருந்துச்சா, இல்லையா. இருந்துச்சுன்னா டாக்டர் பாக்கியவதி தப்பிச்சாங்க. இல்லைன்னா அவங்களே கையால எழுதிச் சேத்துட்டாங்கன்னு ஆயிரும். புத்தகத்தைப் பதிப்பகம் திரும்ப எடுத்துக்கிடும். இந்த வருஷம் குடுக்கதா இருந்த வாழ்நாள் விருது போச்சு. முப்பது வருஷப் பேரும் அதோட போச்சு. செவல்குறிச்சியில பழைய கட்டடத்தை இடிச்சப்போ தீர்மானப் புத்தகம் எல்லாம் எங்கயோ போயிருச்சு. அந்தம்மாகிட்ட இருக்கது அவங்க கையால எழுதுன நகல். அசலைப் பாத்து, இன்னைக்குச் சாட்சி சொல்ல இருக்க வேற ஆளு உலகத்துல நான் ஒருத்தன்தான். சரிதானே?

சொல்லுதேன். ஆமான்னோ இல்லைன்னோ ஒரே வார்த்தையில சொல்லிருவேன். ஆனா அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கு விளங்கணும்லா, அதனால கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க. இன்னொண்ணு, இந்தத் தளவாய்க்குப் பாக்கியவதி மேல பொறாமைன்னு உங்ககிட்ட யாராவது சொல்லியிருப்பாங்க. அதை இந்த வாசலோட விட்டுருங்க. நான் அவங்களுக்கு நாலு வருஷம் சீனியர். சீனியருக்கு ஜூனியர் மேல என்ன பொறாமை?

விஷயம் இதுதான். எண்பதுல தொடங்கி ஒரு இருவது வருஷத்துக்குள்ள உலகத்துல பாதி நாடு ஒரே மாதிரி மாறிருச்சு. சர்க்கார் ஆலையை வித்தாங்க, சுங்கத்தைக் குறைச்சாங்க, வெளிநாட்டு முதலுக்குக் கதவைத் திறந்தாங்க. பணக்கார நாடும் செஞ்சுது, கஞ்சிக்கு இல்லாத நாடும் செஞ்சுது. இதை எதிர்த்து ஓட்டு வாங்குன ஆளும் பதவிக்கு வந்ததும் அதையே செஞ்சாரு. ஒரே நேரத்துல இத்தனை பேருக்கு எப்படி ஒரே புத்தி வந்துச்சு? எங்க துறைக்குச் சோறு போடுத கேள்வி இது.

கடன் குடுத்தவன் கழுத்தைப் பிடிச்சான், அதனால செஞ்சாங்கன்னு ஒரு கட்சி. பணம் வேணுமா, இதை விக்கணும், அதை மூடணும்னு நிபந்தனை. நான் இந்தக் கட்சி, அன்னைக்கும் இன்னைக்கும். பக்கத்து நாடு வரியைக் குறைச்சா ஆலைக்காரன் அங்க ஓடிருவான், அந்தப் பயத்துல செஞ்சாங்கன்னு சொல்லுதவங்களும் உண்டு, அதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு. அடுத்தவன் செஞ்சு நல்லா இருக்கான்னு பாத்துப் பாடம் கத்துக்கிட்டாங்கன்னு ஒருத்தர் எழுதுவாரு. அரசாங்கம் பாடம் கத்துக்கிட்டு நான் பாத்ததில்ல சார், நீங்க பாத்திருக்கீங்களா? மிச்சம் இருக்கது பாக்கியவதி கட்சி. யாரும் கழுத்தைப் பிடிக்கலை, யாரும் பாடமும் படிக்கலை, மதிப்பான நாடுங்க செஞ்சுது, நாம செய்யாட்டா பட்டிக்காடுன்னு நினைப்பாங்க, அதனால செஞ்சாங்கன்னு. பாத்துச் செய்யுதது. அவ்வளவுதான் தத்துவம்.

எனக்கு இது தொண்டையில இறங்கலை. மனுஷன் சும்மா அடுத்தவனைப் பாத்துச் செய்வானா? நெருக்கடி வந்தாத்தான் மாறுவான். என்னையே எடுத்துக்கிடுங்க. அந்தம்மா மதுரையில டாக்டர் பட்டத்துக்குப் பதிவு பண்ணுனாங்க, மூணு மாசத்துல நானும் பண்ணுனேன். ஸ்டாஃப் ரூம்ல சிரிச்சாங்க. அது சம்பளக் கமிஷன் குடுத்த நெருக்கடி. அவங்க கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்குன இருவதாவது நாள் நான் வாங்குனேன். அது முதுகுவலி. அவங்க வாசல்ல பேருக்கு முன்னால முனைவர்னு கிரானைட்டுல வெட்டி வச்சாங்க, நானும் வச்சேன், வரும்போது பாத்திருப்பீங்க. அது ஆவுடை, என் சம்சாரம், அவ கட்டாயப்படுத்துனா. பால் காபியை விட்டுட்டு அவங்க கிரீன் டீக்கு மாறுனாங்க, நானும் மாறுனேன். எனக்குச் சர்க்கரை சார், டாக்டர் உத்தரவு. சர்க்கரை வந்தது அடுத்த வருஷம்ங்கிறது வேற விஷயம்.

சரி, தொண்ணூத்தி நாலுக்கு வாரேன். நாங்க ரெண்டு பேரும் பாளையங்கோட்டையில ஒரே கல்லூரி, ஒரே துறை. ஒரு சின்ன ஆராய்ச்சித் திட்டம் வந்துச்சு, நான் தலைமை, அவங்க உதவி. உலகத்தை எங்களால சுத்த முடியுமா? அதனால பக்கத்துல பதினோரு நகராட்சி எடுத்துக்கிட்டோம். அந்த ரெண்டு மூணு வருஷத்துல எல்லா ஊரும் பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிடத்தைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தாங்க. ஏன் விட்டாங்க? சின்ன அளவுல அதே கேள்விதான். யோசனை என்னுது, எழுதிக்கிடுங்க.

சித்திரை, வைகாசி வெயில். பஸ் பஸ்ஸா ஏறி இறங்குனோம். நான் கமிஷனர், சேர்மன், எஞ்சினியர் எல்லாரையும் பாத்துப் பேட்டி எடுப்பேன். ஃபேன் போடுவாங்க, குடிக்கக் கலர் சோடா வாங்கித் தருவாங்க. அந்தம்மா பேட்டிக்கே வர மாட்டாங்க. நேரா ரிக்கார்டு ரூமுக்குப் போயி, தூசிக்குள்ள உக்காந்து தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிக்கிட்டு இருப்பாங்க. மூக்கைக் கைக்குட்டையால கட்டிக்கிட்டு. நான் கேலி பண்ணுவேன், "என்னம்மா, புதையல் கிடைச்சுதா"ன்னு. அதுக்கு ஒரு நாள் சொன்னாங்க, "சார், மேலிடத்து உத்தரவான்னு நீங்களே கேக்கீங்க, ஆமான்னு அவங்க சொல்லுதாங்க. எந்தக் கமிஷனர் இல்லைன்னு சொல்லுவாரு?"ன்னு. எனக்குச் சுருக்குனுச்சு. ஜூனியர். என் கேள்வித் தாளையே குத்தம் சொல்லுதா.

அஞ்சாவது ஊரு செவல்குறிச்சி. அன்னைக்கு அவங்களுக்குக் காய்ச்சல், வரலை. பேட்டி சீக்கிரம் முடிஞ்சுது, அடுத்த பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம் இருக்கு. சரி, அவங்க வேலையையும் பாத்துருவோம்னு நானே ரிக்கார்டு ரூமுக்குப் போனேன். நான் சார். நல்லாக் கேட்டுக்கிடுங்க. நான்தான் போனேன், நான்தான் புத்தகத்தைத் திறந்தேன்.

தீர்மானம் இப்படிப் போச்சு, எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கு. "நமது நகராட்சியின் படித்துறையில் நீராட வரும் பக்தர்களின் சுகாதார நலன் கருதி, பேருந்து நிலையக் கழிப்பிடங்களைத் தனியார் பராமரிப்பில் விடுவது எனத் தீர்மானிக்கப்படுகிறது." செவல்குறிச்சியில ஏது சார் படித்துறை? ஆறே கிடையாது. செம்மண் காடு, குடிக்கவே லாரியில தண்ணி வரும். அங்க இருந்த கிளார்க்கைக் கேட்டேன், ஆத்தங்கரையில இருக்க பொருநல்லூர் தீர்மானத்தை வாங்கி, ஊர்ப் பேரை மட்டும் மாத்தி, வரிக்கு வரி காப்பி அடிச்சிருக்காங்க. முப்பது கவுன்சிலரு உக்காந்து, வாசிக்கக் கேட்டு, ஏகமனதா நிறைவேத்தியிருக்காங்க. ஒருத்தருக்கும் எந்தப் படித்துறைன்னு கேக்கத் தோணலை.

நானும் அந்தக் கிளார்க்கும், இப்ப அவரு இல்லை, சிரிச்சோம் பாத்துக்கிடுங்க, கண்ணுல தண்ணி வந்துட்டுது. ஸ்டாஃப் ரூம்ல சொல்லிச் சிரிக்கணும்னு டைரியில எழுதிக்கிட்டேன்.

இருந்துச்சுன்னு சொல்லிட்டேனோ? இல்ல இல்ல, பேனாவை எடுக்காதீங்க. இது கதை. சாட்சி அப்புறம்.

ரெண்டு நாள் கழிச்சு அடுத்த ஊருக்குப் போனோம். மத்தியானம் ஓட்டல்ல சாப்பிடும்போது சொன்னேன். இன்னும் காய்ச்சல் தெளியலை, ரசம் சாதம் மட்டும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் நடிச்சே காட்டுனேன், சேர்மன் தீர்மானம் வாசிக்க மாதிரி. அவங்க சிரிக்கலை. சாதத்துல கை அப்படியே நிக்குது. "பக்க நம்பர் எழுதுனீங்களா சார்?"னு கேட்டாங்க. அவ்வளவுதான் கேட்டாங்க. மறுநாள் தனியா செவல்குறிச்சிக்கு பஸ் ஏறிட்டாங்க.

அப்புறம், ஏற்கெனவே பாத்த ஊரையெல்லாம் திரும்பப் போயிப் பாத்தாங்க. பதினோரு ஊர்ல ஏழு ஊர்ல படித்துறை இருந்துச்சு, காகிதத்துல. ஒரு ஊர்ல படித்துறையை அடிச்சுட்டுக் குளக்கரைன்னு திருத்தியிருக்கு, அந்தக் குளம் தூர்ந்து போயி அதுமேலதான் பஸ் ஸ்டாண்டே இருக்கு. கழிப்பிடத்தைத் தனியாருக்கு விடுங்கன்னு மேலிடம் போட்ட உத்தரவோட தேதியைத் தேடி எடுத்தாங்க. ஏழு ஊரும் தீர்மானம் போட்டு முடிச்சு எட்டு மாசம் கழிச்சுத்தான் உத்தரவே வந்திருக்கு. என் கட்சி அங்கயே படுத்துட்டுது. சரி, பொருநல்லூர்ல நல்லா நடக்குன்னு பாத்துக் கத்துக்கிட்டாங்களா? பொருநல்லூர் கழிப்பிடம் அப்பவே பூட்டிக் கிடக்கு. ஆக, பாடமும் இல்லை.

அப்ப என்கிட்ட வந்தாங்க, அதையும் சொல்லிருதேன், நான் மறைக்க ஆளில்லை. "சார், நாம சேந்து எழுதுவோம், உங்க பேரு முதல்ல வரட்டும்"னாங்க. கிளார்க் அடிச்ச காப்பியை வச்சு உலகப் பொருளாதாரத்தை விளக்கணுமா? "எனக்கு வெக்கமா இருக்கும்மா, நீங்களே எழுதிக்கிடுங்க"ன்னேன். அப்படிச் சொன்னா விட்டுருவாங்கன்னுதான் சொன்னேன். விடலை. நாலு வருஷம் கழிச்சு இங்க்லீஷ்ல புத்தகமா வந்துச்சு. ஏழு ஊர்ல தொடங்கி எழுபது நாட்டுக்குப் போயிருந்தாங்க. எந்த நாட்டுச் சட்டத்துல எந்த நாட்டு வாசகம் அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்குன்னு ஒவ்வொண்ணாத் தேடி எடுத்திருந்தாங்க. முதல் அத்தியாயம் செவல்குறிச்சி.

அதுக்கப்புறம் அவங்க இருந்த இடம் வேற. டெல்லி, லண்டன், எங்கெங்கயோ கூப்பிட்டாங்க. நான் அதே பாளையங்கோட்டையில முதல் வருஷப் பையங்களுக்கு அரசாங்கத்தின் வகைகள் நடத்திக்கிட்டு இருந்தேன். கல்லூரிக்கு வாரவங்க எல்லாம், "நீங்க பாக்கியவதி மேடம் கூட வேலை பாத்தவங்களா?"ன்னு கேப்பாங்க. கூட. கேட்டுக்கிடுங்க, கூட. பேப்பர்ல அவ படம் வந்தா நான் அந்தப் பக்கத்தை மட்டும் மடிச்சு வச்சுட்டு மிச்சத்தைப் படிப்பேன். வயிறு எரியும் சார். எரியத்தான செய்யும், நான் கண்டது.

புத்தகத்துல என் பேரு இருந்தா இவ்வளவு தோணியிருக்காது. கல்லூரி நூலகத்துக்கு வந்த அன்னைக்கே போயிப் பாத்தேன். எங்க ஆளுங்க புத்தகத்தை எங்கேருந்து திறப்பாங்க தெரியும்லா? கடைசியிலேருந்து. சொல்லடைவுல முதல்ல அவனவன் பேரைத் தேடுவான். நானும் தேடுனேன். டி எழுத்துல தஞ்சாவூர் இருக்கு, தாய்லாந்து இருக்கு, நடுவுல தளவாய் இல்லை. விரலை வச்சு ரெண்டு தடவை பாத்தேன். புத்தகத்தை அலமாரியில வச்சேன், அதுக்கப்புறம் இருவத்தாறு வருஷம் அதைத் தொடலை. யாராவது மேற்கோள் காட்டுனா அந்தப் பக்க நம்பர் மட்டும் எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

புகாருக்கு வாரேன். புகார் நான் குடுக்கலை. போன வருஷம் ஒரு கருத்தரங்கு, டீ இடைவேளை. இந்த விஷயத்துல கட்டுரை எழுதுத சின்ன வயசு ஆசிரியர் ஒருத்தர் என்கிட்ட வந்து, "சார், செவல்குறிச்சியில தேடுனேன், அந்தப் புத்தகமே இல்லை. நீங்க பாத்தீங்களா?"ன்னு கேட்டாரு. "எனக்கு அப்படி ஒண்ணும் நினைவில்லையே"ன்னேன். நாலு வார்த்தை. கையில டீ சூடா இருந்துச்சு, பக்கத்துல நாலு பேரு நிக்காங்க, திடுதிப்புனு கேட்டா மனுஷன் என்ன சொல்லுவான்? அது நெருக்கடியில சொன்னது. அதை அவரு புகாராக் கொண்டு போவாருன்னு நான் கண்டேனா?

கண்டேன்னே வச்சுக்கிடுங்களேன். ஒரு மாசமா நல்லாத் தூங்குதேன் சார். உண்மையைச் சொல்லுதேன். அவ பேரு பேப்பர்ல சந்தேகத்தோட வந்துச்சு பாருங்க, அன்னைக்கு அந்தப் பக்கத்தை நான் மடிக்கலை.

டைரியா? அது எங்க இருக்கு, முப்பது வருஷம் ஆச்சு. வீடு மாத்துனோம், வெள்ளை அடிச்சோம், போயிருக்கும். என்ன ஆவுடை? காபியை அங்க வச்சுட்டுப் போ. சாருக்குப் பால் காபி, எனக்குக் கிரீன் டீ. எந்த டைரி? அது வேற. பீரோ கீழ்த் தட்டுல மஞ்சப்பையில இருக்கது பால் கணக்கு டைரி. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நான் எடுத்து வைக்கேனா? நீ என்னத்தக் கண்ட. போ.

அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார்.

சரி. இருக்கு. மறைச்சு என்ன பண்ண? தேதி, பக்க நம்பர் எல்லாம் இருக்கு. ஆமா, பக்க நம்பர் நான் எழுதியிருந்தேன். அவ கேட்டப்போ இல்லைன்னு சொன்னேன். அவ்வளவு சுலபமாக் குடுக்கணுமான்னு தோணுச்சு.

இப்ப என் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. பாக்கலைன்னு நான் எழுதிக் குடுத்தா அவ விழுந்திருவா. அதை நான் ஆசைப்படலைன்னு சொன்னா பொய். ஆனா பாக்கலைன்னு சொன்னா, அப்ப நான் என்னத்தத்தான் பாத்தேன்? முப்பத்தாறு வருஷ உத்தியோகம் சார். அதுல நான் கண்டுபிடிச்சது அந்த ஒத்தைப் படித்துறைதான். அதையும் இல்லைன்னு என் கையாலயே எழுதிட்டா எனக்குன்னு என்ன இருக்கு? அவளைத் தூக்கி விடாம நான் நிக்க முடியாது, நான் விழாம அவளைத் தள்ள முடியாது. எப்படி மாட்டியிருக்கேன் பாருங்க.

எழுதிக்கிடுங்க. இருந்துச்சு. பாத்தேன். நான்தான் பாத்தேன், முதல்ல. அந்த முதல்லங்கிறது கண்டிப்பா இருக்கணும். டைரியும் தாரேன். ஆனா ஒரு நிபந்தனை. தளவாய்தான் கண்டுபிடிச்சாருன்னு அந்தம்மா தன் கைப்பட எழுதித் தரட்டும். அதைக் கொண்டு வாங்க, அடுத்த நிமிஷம் கையெழுத்துப் போடுதேன். இத்தனை வருஷமா ஒரு வரி எழுதலை அவ. எனக்காக ஒரு வரி.

என்னது இது? அவ புத்தகமா? கையோட கொண்டு வந்திருக்கீங்களா? இதுல பாக்க ஒண்ணும் இல்லை சார், நான்தான் சொன்னேனே, சொல்லடைவுல தேடிட்டேன்னு. எங்க? முன்னாலயா? முன்னுரையா? முன்னுரைப் பக்கத்துக்கு ரோமன் நம்பர்லா போடுவாங்க, அதெல்லாம் சொல்லடைவுல சேக்க மாட்டாங்க. ஒம்போதாம் பக்கமா. கண்ணாடியைக் குடுங்க, அந்த டீப்பாய்ல இருக்கு.

இங்க்லீஷ்ல இருக்கு. நானே தமிழ்ல மாத்தி வாசிக்கேன். "செவல்குறிச்சிக்குப் போக வேண்டிய நாளில் நான் காய்ச்சலில் கிடந்தேன். என் மூத்த சக ஆசிரியர் தளவாய், யாரும் கேட்காமலே, என் வேலையையும் சேர்த்துச் செய்தார். படித்துறையை முதலில் கண்டவர் அவர். அட்டையில் தன் பெயரைப் போட அவர் சம்மதிக்கவில்லை. அவ்வளவு பெருந்தன்மை எனக்கு இருந்திருக்குமா என்று தெரியவில்லை. நான் பார்த்ததெல்லாம் அவர் பார்த்ததற்கு அப்புறம்."

பெருந்தன்மையாம்.

இது முதல் பதிப்புதானா சார்? அப்புறம் சேத்தது இல்லையே? வருஷத்தைப் பாருங்க. தொண்ணூத்தெட்டு. ஆமா, தொண்ணூத்தெட்டு.

கொஞ்சம் இருங்க. ஆவுடை, தண்ணி கொண்டா. அப்படியே அந்த மஞ்சப்பையையும் எடுத்துட்டு வா.

நான் உக்காந்து என் பேரைத் தேடுனேன் பாருங்க, அந்தச் சொல்லடைவுக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவுல முன்னூறு பக்கம்தான் இருந்திருக்கு. முன்னாலேருந்து திறந்திருந்தா முதல் நிமிஷத்துலயே கண்ணுல பட்டிருக்கும். அவங்க பணி ஓய்வு விழாவுக்கு நான் போகலை. அவங்க வீட்டுக்காரர் இறந்தப்போகூட வாசல் வரைக்கும் போயிட்டு, உள்ள போகாம வந்துட்டேன். நாமதான் எழுதிட்டோமே, இவரு ஏன் இன்னும் முகம் குடுக்க மாட்டேங்காருன்னு அவங்க நினைச்சிருப்பாங்கள்ல?

பேப்பரைக் குடுங்க. இந்தப் பேனா போதும். நிபந்தனை எல்லாம் ஒண்ணும் இல்லை. இருந்துச்சு, பாத்தேன். டீ குடிக்கும்போது நினைவில்லைன்னு சொன்னது பொய்னும் எழுதிருதேன். நெருக்கடி ஒண்ணும் இல்லை, யாரும் என் கழுத்தைப் பிடிக்கலை, அதையும் எழுதிருதேன். எழுதியாச்சு, கையெழுத்தும் போட்டாச்சு. டைரியை நீங்களே வச்சுக்கிடுங்க, திரும்ப அனுப்ப வேண்டாம்.

ஒரே ஒரு உதவி செய்யணும் சார். ஊருக்குப் போனதும் அந்தம்மாவைப் பாப்பீங்கள்ல? தளவாய் ஏன் அப்படிச் சொன்னாருன்னு கண்டிப்பாக் கேப்பாங்க. முன்னுரையை அன்னைக்கே படிச்சிருந்தாராம்னு சொல்லுங்க. அதைப் படிச்சும், பொறாமையிலதான் அப்படிச் சொல்லிட்டாராம்னு சொல்லுங்க. பொறாமைன்னே சொல்லுங்க, பரவாயில்லை. நான் படிக்கவே இல்லைங்கிறது மட்டும் அவங்களுக்குத் தெரிய வேண்டாம்.